இரவுக்குக் காத்திருக்கும் விரியன்

பினாங்குத் தீவின் தென்கிழக்கே, ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் சாலையின் ஓரத்தில், சுங்கை குளுவாங் என்னும் இடத்தில் அமைந்திருக்கும் சீனக் கோயிலைப் பினாங்குத் தமிழர்கள் பாம்புக் கோயில் என்றே அழைக்கிறார்கள். தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறிக் காவடி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களில் பலர் அந்தக் கோயிலையும் ஒரு முறை தரிசித்துவிட்டே ஊர் திரும்புகிறார்கள். உள்ளே சென்றதும் கண்ணைக் கரிக்கும் ஊதுவத்திப் புகையும், சிவப்புத் தூண்களும், பொன் எழுத்துக்களும் புலப்படுகின்றன; அவற்றில் கண் பழகிய பின்னரே, பூஜை மேஜையின் மேல் நட்டு வைத்த காய்ந்த கிளைகளிலும், தொட்டிச் செடிகளிலும், மரச் சட்டங்களிலும் சுருண்டு கிடப்பவை செதுக்கி வைத்த உருவங்கள் அல்ல, உயிருள்ள விஷ ஸர்ப்பங்கள் என்பது தெரிய வருகிறது. அப்பொழுதும் அவை அசைவதில்லை. மணி ஒலித்தாலும் குழந்தைகள் கூவினாலும் புகைப்படக் கருவியின் ஒளி கண்ணெதிரே பளிச்சிட்டாலும், தலையைத் தம் உடற்சுருளின் மேல் வைத்தபடி கிடக்கின்றன.

இந்த அசைவின்மைக்கு மக்கள் இரண்டு காரணங்களைச் சொல்லி வருகிறார்கள். முதலாவது பக்தியிற் பிறந்தது. இக்கோயிலின் மூர்த்தியான சோர் சூ கோங், சுங் வம்ச காலத்தில் சீனத்தின் பூக்கியேன் பிரதேசத்தில் வாழ்ந்த ஒரு பௌத்தத் துறவி; வைத்தியத்திலும் ஜீவகாருண்யத்திலும் சிறந்தவராகப் போற்றப்பட்டவர்; காட்டுப் பாம்புகளுக்குத் தம் குடிலிலேயே அடைக்கலம் கொடுத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே அவருக்குக் கோயில் எழுந்தபோது, சுற்றியிருந்த காட்டிலிருந்து பாம்புகள் தாமாகவே வந்து குடியேறின என்றும், அவர் அருளால் அவை எவரையும் தீண்டுவதில்லை என்றும் நம்புகிறார்கள். சீன வருஷத்தின் முதல் மாதம் ஆறாம் நாள் அவருடைய ஜனன தினம். அன்று பாம்புகளும் திரளாக வரும் என்பது ஐதிகம். இரண்டாவது காரணம் பகுத்தறிவின் சாயலைக் கொண்டது: ஊதுவத்திப் புகை பாம்புகளை மயக்கிவிடுகிறது என்பது. வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள். பிரயாண நூல்கள் பலவும் இதை அச்சிட்டிருக்கின்றன.

புற்றுக்குப் பால் வார்த்து நாகத்தை வணங்கும் மரபில் வந்த எனக்கு முதற் காரணத்தின் மேல் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஒரு விஷ ஜந்துவைக் கண்டதும் கழியைத் தேடாமல் கைகூப்ப மனிதனைப் பழக்கிய நம்பிக்கையினால் அந்த ஜந்துவுக்கு நன்மையே விளைந்தது. இரண்டாவது காரணத்தை மட்டும் ஏற்பதற்கில்லை. புகையே இல்லாத அடர்ந்த மழைக் காட்டில், மனித நடமாட்டமே அறியாத ஒரு மரக்கிளையில், இதே பாம்பு இதே போல், பகல் முழுதும், ஒரே கிளையில் நாட்கணக்காகவுங்கூட அசையாமல் கிடக்கிறது. அதன் பிழைப்பே அந்த அசைவின்மையில்தான் இருக்கிறது. பகலில் வந்து பார்க்கும் நாம் ஓர் இராக்காலப் பிராணியின் ஓய்வைக் கண்டு, அதை மயக்கம் என்றும் சாந்தம் என்றும் பெயரிடுகிறோம்.

இந்தக் கோயிற் பாம்பு குழிவிரியன் குலத்தைச் சேர்ந்தது. 1827-இல் போயி என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விவரித்து, தம் நாட்டு ஊர்வன ஆராய்ச்சியாளரான வாக்லரின் பெயரை இதற்குச் சூட்டினார். வாக்லர் முப்பத்திரண்டே வயதில், 1832-இல், துப்பாக்கி வெடித்த விபத்தில் மாண்டவர். மலாய்க்காரர்கள் இதை ஊலார் காப்பா தோக்கோங், அதாவது கோயில் விரியன், என்கிறார்கள். தென் தாய்லாந்திலிருந்து மலாயா தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்திரா வரையில் தாழ்நிலக் காடுகளிலும் அலையாத்திக் காடுகளின் ஓரங்களிலும் இது வாழ்கிறது. போர்னியோவிலும் பிலிப்பைன்ஸிலும் உள்ளவையும் இதே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2007-இல் அவற்றை ஆராய்ந்து வேறினமாகப் பிரித்துவிட்டார்கள்.

கோயிலுக்கு வருவோரில் பலர், அங்கே இரண்டு ஜாதிப் பாம்புகள் இருப்பதாகக் கருதித் திரும்புகிறார்கள். உள்ளவை பெரும்பாலும் ஒரே ஜாதிதான். ஆண் மெலிந்தது, ஐம்பது சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடுவது, தளிர்ப் பச்சை நிறத்தது. அதன் முதுகின் இருமருங்கிலும் பாதி வெண்மையும் பாதி செம்மையுமான சிறு புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்ணோ ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பருத்து, கறுப்பு நிறத்தின் மேல் மஞ்சள் பட்டைகளோடு, கழுத்திலிருந்து திடீரென்று அகன்று விரியும் முக்கோணத் தலையும் கொண்டு, ஆணோடு யாதொரு உறவும் இல்லாதது போலத் தோன்றும். பிறக்கும்போது இருபாலும் பச்சை நிறமே. ஆண் அந்தப் பிள்ளைப் பருவத்து நிறத்தை ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ள, பெண் வளர வளர அதைக் களைந்துவிடுகிறது. இலைகளிடையே ஒளிய மெல்லிய பச்சை உடல் போதும். பருத்த உடலைக் கிளையின் மேல் மறைக்க, வெயிலும் நிழலும் கலந்து விழுந்தது போன்ற பட்டைகள் உதவும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

சூரியன் அஸ்தமித்து இருட்டு நன்றாகப் பரவிய பிறகே இந்த ஜந்துவின் நாள் தொடங்குகிறது. செங்குத்தாகப் பிளந்த கண்மணிகள் இருளில் விரிகின்றன. ஆனால் கண்ணை விடவும் இதற்குப் பெருந்துணையாய் இருப்பது கண்ணுக்கும் மூக்குத் துவாரத்திற்கும் இடையே முகத்தின் இருபுறமும் உள்ள ஆழ்ந்த குழி. குழிவிரியன் என்ற பெயர் வந்ததும் இதனால்தான். குழியின் நடுவே ஒரு மெல்லிய சவ்வு தொங்குகிறது. அதில் நரம்பு நுனிகள் நெருக்கமாக வந்து முடிகின்றன. தொலைவில் எரியும் அடுப்பின் அனலை நாம் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தால் அறிவது போல, இப்பாம்பு தன் எதிரே வரும் எலியின் உடற்சூட்டை இந்தச் சவ்வினால் அறிகிறது. நம் கன்னத்தின் உணர்ச்சியோடு இதன் நுட்பத்தை ஒப்பிடவே முடியாது. 1950-களில் அமெரிக்காவில் புல்லக் என்ற விஞ்ஞானி கிலுகிலுப்பை விரியனின் குழியைப் பரிசோதித்து, ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கு அளவே ஏற்படும் வெப்ப மாறுபாட்டிற்கும் அந்த நரம்பு துடிப்பதைக் கண்டார். அந்த நுனிகளில் வெப்பத்தை உணரும் புரதம் இன்னதென்று கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடத்தார் 2010-இல் கண்டுபிடித்தார்கள். மனித உடலில் கடுகின் காரத்தை உணர்த்துவதும் அதே வகைப் புரதம் என்பது எனக்குத் தீராத வியப்பைத் தருகிறது. வெப்பத்தையும் குளிரையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தகைய கருவியைப் பெற்ற பிராணி இரையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வாலைக் கிளையில் சுற்றி, முன்னுடலை வளைத்து வைத்துக்கொண்டு, எலியோ பல்லியோ தவளையோ உறங்கும் பறவையோ எட்டும் தூரத்தில் வரும் வரை காத்திருக்கிறது. ஒரு முறை உண்டால் பல நாட்களுக்குப் போதும். ஆகவே அதன் வாழ்நாளின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகிறது. மரத்தில் வேட்டையாடும் பாம்புகளிற் பல, இரையைக் கடித்த பின் விடுவதில்லை. விட்டால் அது கீழே விழுந்து வாய்க்கு எட்டாமல் போய்விடும் அல்லவா? இதுவும் அவ்வாறே கவ்விக்கொண்டு, விஷம் வேலை செய்யும் வரை பொறுத்து, பின்னர் மெல்ல விழுங்குகிறது. பக்தர்கள் படைக்கும் முட்டைகளை இரவில் பாம்புகள் வந்து உண்பதாகச் சொல்வதுண்டு. ஆனால் இவ்வினத்தின் ஆகாரமாக ஆராய்ச்சியாளர் குறித்திருப்பவை உடற்சூடோ அசைவோ உடைய உயிர்ப் பிராணிகளே. முட்டையிட்டு அடைகாக்கும் வழக்கமும் இதற்கு இல்லை. குட்டிகளாகவே, ஒரு பேற்றில் பதினைந்து முதல் நாற்பது வரை, ஈனுகிறது. பிறந்த கணமே ஒவ்வொரு குட்டிக்கும் விஷமும் பற்களும் உண்டு.

கோயிற் பாம்புகளின் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று தைரியம் சொல்பவர்களை நம்பித் தொடத் துணிவது விவேகம் ஆகாது. விரியன்களின் விஷப் பற்கள் ஆயுள் முழுதும் உதிர்ந்து உதிர்ந்து புதிதாக முளைப்பவை. முன்வரிசைப் பல்லுக்குப் பின்னே அடுத்தவை எப்பொழுதும் தயாராய் இருக்கின்றன. ஆயினும் இப்பாம்பு கடித்த மனிதர்களுக்குப் பெரும்பாலும் கடும் வலியோடும் வீக்கத்தோடும் தீர்ந்துவிடுகிறது. இதன் விஷத்தின் தன்மையை விளங்கிக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். விரியன் விஷம் என்றால் இரத்தத்தையும் சதையையும் கெடுப்பது, நாகம் கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் என்றால் நரம்பின் ஏவலைத் தடுத்துத் தசையைச் செயலிழக்கச் செய்வது என்பது பொதுவான பாகுபாடு. இந்த விரியனோ அந்தப் பாகுபாட்டை மீறி நிற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இதன் விஷத்திலிருந்து இருபத்திரண்டும் இருபத்து நான்கும் அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய சங்கிலிகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றிற்கு வாக்லெரின் என்று பெயர். நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனச் செய்தியைத் தசை பெற்றுக்கொள்ளும் இடத்தில் இவை சென்று அடைத்துக்கொள்கின்றன. சுண்டெலிகள் மூச்சுத் தசைகள் அயர்ந்து மடிகின்றன. வாக்லெரினின் செயலைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய ஒரு சிறு சேர்மம், முகச் சுருக்கத்தைத் தளர்த்தும் என்ற விளம்பரத்தோடு இன்று களிம்புகளில் கலந்து உலகெங்கும் விற்பனையாகிறது.

பாம்பு சாஸ்திரத்தில் பினாங்கின் பெயர் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் இருந்த தியோடர் காண்டர் என்ற டேனிஷ் வைத்தியர் இத்தீவிலும் எதிர்க்கரையிலும் திரட்டிய ஊர்வனவற்றைக் கொண்டு மலாயா தீபகற்பத்து ஊர்வனவற்றின் பட்டியலை 1847-இல் வங்காள ஆசிய சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். ஆனால் பாம்புக்கும் சாமானிய மனிதனுக்கும் இடையிலான விஷயத்தில் பினாங்கு செய்த பேருதவி அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து நிகழ்ந்தது. அதைச் சொல்லுமுன், கோயில் விரியனின் உறவுப் பாம்பு ஒன்றை அறிமுகப்படுத்த வேண்டும்.

அது மலாயா குழிவிரியன். மரத்தில் ஏறாமல் தரையில் வாழ்வது. செம்பழுப்பு உடலில் கரும்பழுப்பு முக்கோணங்கள் எதிரெதிராக அமைந்து, உதிர்ந்த சருகோடு முற்றிலும் ஒன்றிப்போவது. குழிவிரியன்களிற் பெரும்பாலானவற்றிற்கு மாறாக முட்டையிட்டு அவற்றைச் சுற்றிக் காவல் கிடப்பது. தாய்லாந்திலும், மலாயாவில் பெர்லிஸ், கெடா, பினாங்கு முதலிய வட பகுதிகளிலும் மிகுதி. தெற்கே செல்லச் செல்ல மறைந்து, நடுவே சுமத்திராவைத் தாண்டி, ஜாவாவில் மறுபடியும் தோன்றுவது ஒரு விநோதம். இதுவும் இராக்கால வேட்டைக்காரன். காத்திருப்பதில் கோயில் விரியனுக்குச் சற்றும் இளைத்ததன்று. காலடி ஓசை கேட்டாலும் விலகுவதில்லை. கடித்த பின்னும் கடித்த இடத்திலேயே கிடந்து, தேடி வந்தவர்களின் கழியால் அடிபட்டுச் சாகும் அளவுக்கு அதன் அசைவின்மை பெரிது.

இந்தப் பாம்பின் எதிரே கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்கள் தமிழர்கள். கெடாவிலும் செபராங் பிறையிலும் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தபோது, தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்த எளிய ஜனங்கள், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தத்தம் நிரையில் மரத்திற்கு மரம் நடந்து பால் வெட்டினார்கள். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும். ஆகையால் அந்த வேலை இருட்டிலேயே தொடங்க வேண்டியது. ரப்பர் மரம் இலையுதிர்ப்பது; அடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும்; எலிகளும் அங்கே உண்டு. விரியன் வேட்டையை முடிக்காத வேளையும், உளியும் வாளியும் ஏந்திய மனிதன் வெறுங்காலோடு வரும் வேளையும், இருவரும் நாடும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. சொந்த ஊரில் நல்ல பாம்பையும் கட்டுவிரியனையும் கண்ணாடி விரியனையும் அறிந்திருந்தவர்களுக்கு இது புது விரோதி; தமிழ்நாட்டுச் சமவெளியில் குழிவிரியனே கிடையாது, மலைக் காடுகளோடு அது நின்றுவிடுகிறது. கோயிலில் பகல் வெளிச்சத்தில் நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் அதே குணம், தோட்டத்து இருட்டில் எத்தனையோ ஏழைகளின் காலை வாரியிருக்கிறது என்பதை நினைக்கும்போது, அவர்களுக்கு ஒரு ஜோடிக் கனத்த பாதரட்சைகூடக் கொடாமல் வேலை வாங்கிய காலத்தின் மேல் எனக்கு உண்டாகும் கோபம் தணிவதாயில்லை.

அந்த நோயாளிகளை 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கவனித்தவர் டாக்டர் அலிஸ்டர் ரீட். வலை இழுக்கும்போது கடற்பாம்பு தீண்டிய மீனவர்களையும், சருகில் விரியன் தீண்டிய தோட்டத் தொழிலாளரையும் அவர் வெறும் சிகிச்சையோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொருவர் உடலிலும் விஷம் மணிக்கு மணி என்ன செய்கிறது என்பதைக் குறித்துவைத்தார். பாம்பு, விஷம் ஆகியவற்றிற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைப் பினாங்கில் நிறுவினார். இங்கே திரட்டிய கடற்பாம்பு விஷத்தைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் விஷமுறிவு மருந்து தயாராயிற்று. விஷப் பாம்பு கடித்தவர்களில் கணிசமானவர்களின் உடலில் விஷம் ஏறுவதே இல்லை, அல்லது அற்பமாகவே ஏறுகிறது என்று அவர் எடுத்துக்காட்டியது பெரிய உண்மை. மந்திரத்தாலும் வேராலும் பிழைத்ததாகச் சொல்லப்படும் பல உயிர்கள் எவ்வாறு பிழைத்தன என்பதும், எல்லோருக்கும் கண்மூடித்தனமாக மருந்தேற்றுவது ஏன் தகாது என்பதும் அதிலிருந்தே விளங்குகின்றன.

மலாயா குழிவிரியன் கடித்தவர்களிடம் அவர் கண்ட ஒரு விஷயம் வைத்திய உலகத்தைத் திடுக்கிட வைத்தது. அவர்களுடைய இரத்தம் கண்ணாடிக் குழாயில் எத்தனை நேரம் வைத்தாலும் உறையவில்லை; மருந்து கொடாவிடில் இந்நிலை பல நாட்கள், சிலரிடம் வாரக்கணக்கிலுங்கூட, நீடித்தது. அப்படியிருந்தும் அவர்களிற் பெரும்பாலோர் பெரிய இரத்தப்போக்கு இல்லாமல் நடமாடினார்கள். ரீடும் அவருடைய சகாக்களும் 1963-இல் லான்செட் பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை இந்த விஷத்திலுள்ள ஒரு நொதி சிறுகச் சிறுக அழித்துவிடுவதே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டு அவதிப்படுவோருக்கு இதையே மருந்தாக்கலாம் என்ற எண்ணம் உதித்து, ஆர்வின் என்றும் ஆன்க்ராட் என்றும் பெயர் பெற்ற மருந்து பிறந்தது. மூளையில் இரத்தம் அடைத்துக் கைகால் விழுந்தவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பல்லாண்டுகள் சோதித்தார்கள். முதலில் பலித்தது போலத் தோன்றி, பிந்திய பெருஞ்சோதனைகளில் அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. குழாயில் இரத்தத்தை இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் பரீட்சை மட்டும், இன்றும் இந்தியக் கிராம ஆஸ்பத்திரிகளில் விரியன் விஷத்தைக் காட்டிக்கொடுத்து உயிர்காக்கிறது.

விஷமுறிவு மருந்து ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதையும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து இந்தியாவில் தயாராகும் மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கே உரியது. மலாயா குழிவிரியனுக்கு வேண்டிய மருந்து பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோபா நிலையத்தில் தயாராகிறது. கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் விரியன் கடியில் சதை அழுகுவதையே விரைவாக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதே செய்ய வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017-இல்தான். கடிபடுவோர் ஏழைகள் என்பதைத் தவிர இத்தனை தாமதத்திற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கோயிலுக்கு வருவோம். முன்பு பாம்புகள் தூணிலும் விட்டத்திலும் நூற்றுக்கணக்கில் தொங்கிய கதையை முதியவர்கள் சொல்கிறார்கள். இன்று வருவோர் எண்ணிப் பார்த்துவிடலாம் போலச் சிலவற்றையே காண்கிறார்கள். தெய்வத்தின் சாந்நித்யம் குறைந்ததாக வருந்துவோரும் உண்டு. அந்தக் கோயில் எழுந்தபோது அதைச் சுற்றிக் காடும், ஆற்றோரத்து அலையாத்தி மரங்களும், பழத்தோப்புகளும் இருந்தன. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிபத் தொழிற்பேட்டை தொடங்கியது. மின்னணுச் சாதனத் தொழிற்சாலைகள் வந்து, பினாங்கின் பிள்ளைகள் பல்லாயிரவருக்கு, நம் பெண்மக்கள் உட்பட, தோட்டத்தை விட்டு வெளியேற வழி பிறந்தது. அந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மரத்திலிருந்து மரத்திற்கு ஊர்ந்து செல்லும் வழியை இழந்த விரியன், அகன்ற சாலையைக் கடந்து கோயிலை அடைய இயலாது. புதிய பாம்புகள் காட்டிலிருந்து வந்து சேர்வது நின்றுபோகும்போது, உள்ளிருப்பவற்றின் சந்ததியே எஞ்சும்.

ஆகையால் அங்கே செல்லும் வாசகர்கள் பூஜை மேஜையோடு திரும்பிவிடாமல், கட்டடத்தை ஒட்டிய மரங்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூஜை மண்டபத்துப் பாம்பு விருந்தாளி. மரத்திலிருப்பதே குடும்பம் நடத்துவது. இலைகளை ஒத்த பச்சை நிறத்தில் சிவப்பும் வெண்மையுமான புள்ளிகளோடு ஓர் ஆணோ, பிறந்து சில நாளான குட்டியோ கண்ணிற் படலாம். அந்த மரங்களையும், அவற்றைச் சூழ்ந்த சிறிது இருட்டையும், விளக்குப் போட்டு அழித்துவிடாமல் கோயிலின் அங்கமாகவே பாவித்துக் காப்பாற்றினால், சோர் சூ கோங்கின் அடைக்கலத்தில் இவ்வினம் இன்னும் பல தலைமுறைகள் பினாங்கில் குட்டி ஈனும்.